பாய் கடை டீயும் ஆலங்கொல்லை புளியமரங்களும்

ஒன்றிய அலுவலகத்தில் இப்போது ஏலப் பிரிவைப் பார்க்கும் மகேஸ்வரி, போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். "நீங்கதான மூணுதரம் சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் பெயர் கலியபெருமாள். ஆனால் அதை என் மனைவியே ரேஷன் கார்டைப் பார்த்துத்தான் அவ்வப்போது உறுதி செய்துகொள்கிறாள். இருபது வருஷத்துக்கு மேல் "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று கூவியவனுக்கு வேறு பெயர் ஒட்டாது.

"இப்பல்லாம் ஆன்லைன் சார். யாரு கேக்குறாங்கன்னு யாருக்கும் தெரியாது. மொகமே கெடையாது. ஒங்க காலத்து மெரட்டல் உருட்டல் எதுவும் நடக்காது."

"நல்லதும்மா. போன தடவ எத்தன பேரு போட்டாங்க?"

"மூணு பேரு."

"எங்கேருந்து போட்டாங்க?"

"எதுத்தாப்ல ஜெராக்ஸ் கடையிலேருந்துதான். மூணு பேரும் ஒண்ணாத்தான் வந்தாங்க."

"பக்கத்துல டீக்கடை இருக்கா?"

"இருக்கு சார். ஏன்?"

அதற்குள் சாம்பார் வந்துவிட்டது. சாம்பாருக்கு முன்னால் என்னால் எதையும் விளக்க முடியாது. அன்று சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அலுவலக உதவியாளனாக வேலைக்குச் சேர்ந்தேன். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே எந்த ஒன்றியம் என்று சொல்லப்போவதில்லை. கதை நடந்த ஊரின் பெயரையும் ஆலங்கொல்லை என்று மாற்றி வைத்திருக்கிறேன், ஆட்களின் பெயர்களையும்தான். சம்பந்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் என்னிடம் சிரித்துப் பேசுகிறார்கள். அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

என் தகுதி எட்டாம் வகுப்பும் தொண்டையும். நேர்முகத்தின்போது ஒரு அதிகாரி, "வாசல் கேட்டுகிட்ட போயி நின்னு ஒன் பேரச் சொல்லு" என்றார். சொன்னேன். கொட்டடியில் கட்டியிருந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. வேலை கிடைத்துவிட்டது.

முதல் ஏலம் ஒரு ஆடு. யாரும் உரிமை கோராமல் பவுண்டில், அதாவது பிடிபட்ட கால்நடைகளை அடைக்கும் பட்டியில், கிடந்த ஆடு. பதற்றத்தில் நான் எடுத்தவுடனே "மூணு தரம்!" என்று கத்திவிட்டேன். முதல் இரண்டு தரங்களைக் காணவில்லை. ஏலம் கேட்டவர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தார், மற்றவர்கள் ஆட்டையும் அவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் குழப்பத்தில் ஆடு சுவரில் ஒட்டியிருந்த ஏல அறிவிப்பைத் தின்றுவிட்டது. அறிவிப்பு இல்லாததால் ஏலமே செல்லாது என்று மேலாளர் அறிவித்தார். என் பயிற்சிக்காலம் அவ்வளவுதான்.

அந்த மேலாளர் நடேசன். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏல நாளில் அவர் செய்வதெல்லாம் ஒரே வரிசையில் நடக்கும். மேசையின் வலது மூலையில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைப்பார். கண்ணாடியைத் துடைப்பார். நிபந்தனைகளை முதலிலிருந்து கடைசி வரை, கேட்பவர்கள் தூங்கினாலும், ஒரு வரி விடாமல் வாசிப்பார். டேவணித் தொகை, அதாவது ஏலம் கேட்க முன்பணம், கட்டியவர்களின் பெயர்களைப் படிப்பார். பிறகு ஆள்காட்டி விரலை மேசையிலிருந்து ஒரு அங்குலம் உயர்த்துவார். அதுதான் எனக்கு உத்தரவு. "ஒரு தரம்" என்பேன். கடிகாரத்தைப் பார்ப்பார். விரல் எழும். "ரெண்டு தரம்." மறுபடி கடிகாரம். மறுபடி விரல். அந்த விரல் எழாமல் நான் மூன்றாவது தரம் சொன்னால் எனக்கு மெமோ. ஆட்டுக்குப் பிறகு வந்த ஏற்பாடு இது.

ஏல நாளில் அவர் யாருடைய டீயையும் குடிக்கமாட்டார். என்னையும் குடிக்க விடமாட்டார். "ஏலம் முடியற வரைக்கும் நாம ரெண்டு பேரும் வாயில்லாத ஜீவன்கள்" என்பார். கூவுகிறவனைப் பார்த்து இப்படிச் சொல்ல அவருக்குத்தான் வரும். அவருக்கு இன்னொரு வாசகமும் உண்டு: "கேட்டுக்கு உள்ள நான். கேட்டுக்கு வெளிய கடவுள்."

கேட்டுக்கு வெளியே கடவுள் இருந்தாரோ இல்லையோ, இப்ராஹிம் பாயின் டீக்கடை இருந்தது.

ஆலங்கொல்லை சாலையின் இரு பக்கமும் நின்ற புளியமரங்களின் மகசூலை வருஷா வருஷம் தை மாதத்தில் ஏலம் விடுவோம். ஏலத்துக்கு முன்னால் குத்தகைக்காரர்கள் பாய் கடையில் கூடுவார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுப்பவர் யாரோ, அவருக்குத்தான் அந்த வருஷம் மரம். டீயைக் குடித்துவிட்டால் அவரை மீறிக் கேட்கமாட்டேன் என்று பொருள். யாரும் வாய்விட்டு எதையும் பேசுவதில்லை. டம்ளரைக் காலி செய்து பெஞ்சில் வைப்பதுதான் கையெழுத்து. பிறகு உள்ளே வந்து, முன்பே முடிவான ஒரு தொகையை ஒருவர் கேட்பார், மற்றவர்கள் கூரையைப் பார்ப்பார்கள், நான் மூன்று தரம் கூவுவேன். முடிவு எனக்கு முன்பே தெரியும். டீக்குக் காசு கொடுத்தவரைக் கேட்டிலிருந்து பார்த்தாலே போதும்.

பெரும்பாலும் காசு கொடுத்தவர் துரைக்கண்ணு. மேலத்தெருவில் பெரிய காடு கழனிக்காரர். நல்ல தமாஷ் பேர்வழி, எனக்குக் கொய்யாப்பழம் கொண்டுவந்து கொடுப்பார். அவர் யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. அதற்குத் தேவை இருக்கவில்லை. நான் வேலைக்கு வருவதற்கு முன்பு, வெளியூர்க்காரர் ஒருவர் டீயைக் குடிக்காமல் உள்ளே வந்து விலையை ஏற்றிவிட்டாராம். அடுத்த வாரம் அவருடைய வண்டி மாட்டின் காலை யாரோ வெட்டிவிட்டார்கள். யார் என்று யாருக்கும் தெரியாது, அதாவது எல்லோருக்கும் தெரியும். ஒரே ஒரு மாட்டுக்கால். அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் ஏலம் அவ்வளவு அமைதியாக நடந்தது. அடிதடி தினமும் நடந்தால்தான் ஆட்கள் பயப்படுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அது மிகவும் சிக்கனமான சரக்கு என்று இந்த உத்தியோகத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

மரத்தைக் குத்தகை எடுப்பவர் துரைக்கண்ணு என்றால், அந்தப் புளியை உடைத்து, நார் எடுத்து, கொட்டை தட்டுகிறவர்கள் காலனிப் பெண்கள். துரைக்கண்ணுவின் களத்தில் பத்திருபது பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். விரல் வெடிப்பில் புளி ஏறினால் சோறு பிசைய முடியாது. கூலியில் பாதி காசு, மீதி கொட்டையாகவே கொடுப்பார்கள். அந்தக் கொட்டையை விலைக்கு எடுப்பவர் துரைக்கண்ணுவின் மச்சான். களத்தில் நிற்கும் மேஸ்திரி கையில் ஒரு புளியம் விளார் இருக்கும். வாயில் ஒரு சுளை போட்டவள் முதுகில் அது விழும். அந்த விளாரும் அதே மரத்தில் ஒடித்ததுதான். இதையெல்லாம் நான் ஆராய்ச்சி செய்து கண்டுபிடிக்கவில்லை. ஏல அறிவிப்பு ஒட்டப் போகிறவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் போவான்.

அறிவிப்பு ஒட்டினால் மட்டும் போதாது, தண்டோராவும் போட வேண்டும் என்பது விதி. காலனியைச் சேர்ந்த சின்னசாமி தப்பு அடித்துக்கொண்டு எல்லாத் தெருவுக்கும் போவார். மேலத்தெருவில் தொடங்கி, கடைசியில் தன் சொந்தத் தெருவில் முடிப்பார். நாங்கள் சொல்லிக்கொடுத்த வாசகம் இது: "ஆலங்கொல்லை ரோட்டுப் புளியமரம் ஏலம்! யாரு வேணும்னாலும் வரலாம்! யாரு வேணும்னாலும் கேக்கலாம்!" வருஷா வருஷம் இதைக் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் பழகிவிட்டது. கோயில் மணிச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. அர்த்தத்தோடு கேட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் சின்னசாமியின் மனைவி அஞ்சலை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு தை மாதம். நான் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தேன். களத்தில் வேலை செய்யும் ஐந்தாறு பெண்களோடு அஞ்சலை உள்ளே வந்தார். அதுவரை அந்தக் கூடத்துக்குள் பெண்கள் வந்தது பெருக்குவதற்கு மட்டும்தான். முந்தானை முடிச்சுகளிலிருந்து சேர்த்த டேவணியை மேசையில் வைத்தார். மேலாளர் எண்ணிப் பார்த்தார்.

"பேரு என்னம்மா?"

"அஞ்சலைங்க."

"கணவர் பேரு சொல்லுங்க."

மற்றவர்களிடம் சொல்லும் அதே "ங்க". கூடம் திரும்பிப் பார்த்தது அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

துரைக்கண்ணு வாயில் வெற்றிலையோடு வந்தவர் நின்றுவிட்டார். "ஏ புள்ள, யாரு ஒன்ன ஏலம் கேக்க வரச் சொன்னது?"

அஞ்சலை அவர் பக்கம் திரும்பவில்லை. மேலாளரைப் பார்த்தே பேசினார். "எங்க வூட்டுக்காரருதாங்க சார் சொன்னாரு. தெருத்தெருவா தப்படிச்சி, யாரு வேணும்னாலும் கேக்கலாம்னு கூவுறாரு. ஆபீசுல சொல்லிக் குடுத்ததத்தான கூவுறாரு? அது பொய்யா சார்?"

"பொய் இல்ல. உக்காருங்க" என்றார் மேலாளர்.

பெஞ்சில் இடம் இருந்தது. யாரும் நகரவில்லை. அந்தப் பெண்கள் நின்றார்கள். வெளியே வேப்பமரத்தடியில் சின்னசாமி ஒரு பீடியைப் பற்றவைக்க முயன்று தீப்பெட்டியையே காலி செய்துகொண்டிருந்தார்.

துரைக்கண்ணு வழக்கமான தொகையைக் கேட்டார். அஞ்சலை அதற்கு மேல் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே ஏற்றினார். அஞ்சலையும் ஏற்றினார். இன்னும் இரண்டு முறை. பிறகு துரைக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எடுத்துக்கட்டும் சார். பாவம்."

விரல் எழுந்தது. நான் மூன்றாவது தரம் சொன்னேன். மாட்டுக் கயிற்றை அறுத்த தொண்டையிலிருந்து அன்றைக்கு வந்தது கோழிக் குஞ்சின் சத்தம். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வெளியே போகும்போது துரைக்கண்ணு என் முதுகில் தட்டி, "மரம் ஆபீசுது, ரோடும் ஆபீசுது. அந்தாண்ட காடு எங்களுதுப்பா" என்றார்.

அதன் பொருள் மாசியில் தெரிந்தது. சாலை மரங்களின் பாதிக் கிளைகள் பக்கத்துக் காடுகளின், அதாவது மேலத்தெருக்காரர்களின் புன்செய் நிலங்களின், மேல்தான் நின்றன. கிளையை உலுக்கினால் பழம் காட்டில் விழும். காட்டுக்குள் கால் வைத்தால் அத்துமீறல். முதல் நாள் சின்னசாமிதான் மரம் ஏறினார். கீழே விழுந்த பழத்தைப் பொறுக்க அவருடைய தங்கச்சி வரப்பைத் தாண்டினாள். அவ்வளவே போதுமானதாக இருந்தது. நாலைந்து பேர் சின்னசாமியைக் காலைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டார்கள். விழுந்ததில் கை உடையவில்லை, விழுந்த பிறகுதான் உடைந்தது. வலது கை. தப்பு அடிக்கும் கை. தடுக்கப் போன அஞ்சலையின் புடவையை இழுத்து அறுத்து வேலியில் போட்டார்கள். இப்படி எல்லோர் கண்ணெதிரிலும் நடந்த ஒன்று, காவல் நிலையத்தில் மரத்திலிருந்து தவறி விழுந்ததாகப் பதிவானது.

அதோடு நிற்கவில்லை. களத்தில் அந்தப் பெண்களுக்கு வேலை இல்லை என்றார்கள். மேலத்தெரு மளிகைக்கடையில் கடன் இல்லை. மேலாளரோடு அஞ்சலைக்கு "பழக்கம்", இல்லாவிட்டால் மரம் எப்படிக் கிடைக்கும் என்று ஒரு பேச்சைக் கிளப்பினார்கள். அந்தப் பேச்சு காலனிக்குள்ளும் போய்ச் சேர்ந்தது. சின்னசாமியின் தம்பி ஒரு நாள் குடித்துவிட்டு வந்து, குடும்ப மானம் போய்விட்டது என்று அண்ணியை அடித்தான். சின்னசாமியின் கையை உடைத்தவர்கள் மேலத்தெருக்காரர்கள், அஞ்சலையின் உதட்டைக் கிழித்தவன் சொந்த மைத்துனன். இரண்டு அடிக்கும் காரணம் ஒன்றுதான்: அவர் ஏலம் கேட்டார்.

மீதித் தொகை கட்ட வேண்டிய கெடு நெருங்கியது. பழம் பறித்து விற்றால்தானே கட்ட முடியும்? உதட்டில் காயத்தோடு அஞ்சலை அலுவலகத்துக்கு வந்தார்.

"மரத்த எனக்கு வுட்டீங்க சார். மரத்துகிட்ட போவ வுடலியே."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. "மரம் கேட்டுக்கு வெளிய இருக்கும்மா" என்றார்.

கெடு முடிந்தது. விதிப்படி டேவணி பறிமுதல். முந்தானை முடிச்சுக் காசு முழுவதும் போயிற்று. மறு ஏலம் விட வேண்டும்.

துரைக்கண்ணு மறுநாளே வந்துவிட்டார். "பழம் உதுந்துகிட்டு இருக்கு சார். சீக்கிரம் வுட்டுருங்க."

"தண்டோரா போடணும்" என்றார் மேலாளர்.

"போடச் சொல்லுங்க."

"சின்னசாமிக்குக் கை ஒடஞ்சிருக்கு."

"வேற எவனையாச்சும் கூப்புடுங்க."

கூப்பிட்டோம். காலனியில் யாரும் வரவில்லை. ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்குப் பல்வலி, ஒருவர் திருமானூருக்கு அறுப்புக்குப் போய்விட்டார். பக்கத்து ஊர்களுக்கும் காலனியிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள் போலிருக்கிறது, அங்கேயும் ஒரே பல்வலி. சின்னசாமியின் கை அத்தனை பேருக்கும் வலித்திருக்கிறது. இதைச் சொன்னதும் துரைக்கண்ணு மேசையில் தட்டினார்.

"ஒரு தப்புக்காக ஏலம் நிக்குமா சார்?"

மேலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டாமலே சொன்னார். "இன்னார்தான் அடிக்கணும்னு விதியில இல்ல. யாரு வேணும்னாலும் அடிக்கலாம். ஒங்க பையன் வூட்ல சும்மாத்தான இருக்காரு?"

துரைக்கண்ணுவின் கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு அவர் பார்வை மெதுவாக என்மேல் விழுந்தது.

"ஏம்ப்பா மூணுதரம், நீ ஆபீசு ஆளுதான? நீ அடியேன்."

"எனக்குத் தாளம் வராதுங்க" என்றேன். உண்மைதான். பள்ளிக்கூட பஜனையில் வாத்தியார் என் கையிலிருந்து ஜால்ராவைப் பிடுங்கிக்கொண்டவர். ஆனால் தப்பைத் தொட்டேன் என்று தெரிந்தால் என் வீட்டில் என்னைக் கொல்லைப்புறமாகக்கூட உள்ளே விட்டிருக்கமாட்டார்கள் என்பதும் உண்மைதான். துரைக்கண்ணுவுக்கும் எனக்கும் அந்த நிமிஷத்தில் ஒரே பயம். எனக்கு மட்டும் ஜால்ரா கதை கைவசம் இருந்தது.

மறு ஏலம் நடக்கவில்லை. பழம் உதிர்ந்தது. ஆடு தின்றது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் தின்றார்கள், மீதி தார் ரோட்டில் லாரிச் சக்கரத்துக்கு அடியில் துவையல் ஆயிற்று. "இந்த ஊரு ஆட்டுப்பால ஊத்தி டீ போட்டா தானா திரிஞ்சு போவுது" என்றார் பாய். அஞ்சலைக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை, துரைக்கண்ணுவுக்கும் கிடைக்கவில்லை. ஆனால் துரைக்கண்ணுவுக்கு வேறு காடு இருந்தது. அஞ்சலையும் அந்தப் பெண்களும் எறையூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போனார்கள்.

அடுத்த வருஷம் அலுவலகம் முன்னேறிவிட்டது. தப்புக்குப் பதிலாக மைக் செட். வாடகை மாட்டு வண்டியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, என்னை ஏற்றி உட்கார வைத்தார்கள். இனிமேல் காலனிக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாலும் அறிவிப்பு நிற்காது. மைக் இருப்பதை மறந்து வழக்கம்போல் கத்தினேன். மேலத்தெருவில் இரண்டு குழந்தைகளும் ஒரு தாசில்தாரின் மாமனாரும் தூக்கத்திலிருந்து எழுந்தார்கள்.

அறிவிப்பிலும் ஒரு மாற்றம். போன வருஷம் வருமானம் இல்லாததால், ஒரே ஏலமாக விடாமல் மூன்று பகுதியாகப் பிரித்து விட வேண்டும் என்று மேலாளர் எழுதி, மேலிடத்தில் சம்மதமும் வாங்கியிருந்தார். வடக்கு ரோடு ஒன்று, தெற்கு ரோடு ஒன்று. மூன்றாவது, காலனியிலிருந்து அவர்களுடைய சுடுகாட்டுக்குப் போகும் பாதையில் நிற்கும் மரங்கள். வண்டி காலனி முனையில் நின்றபோது அஞ்சலை வந்தார். கரும்புத் தோகை கிழித்த கோடுகள் கையெல்லாம் இருந்தன.

"இன்னொருவாட்டி சொல்லுங்க சார். சுடுகாட்டுப் பாதை மரம் தனியாவா?"

"தனியாத்தான்."

"டேவணியும் தனியா?"

"சின்ன ஏலம், டேவணியும் சின்னது."

"யாரு வேணும்னாலும் கேக்கலாமா?"

நான் மைக்கை அணைத்துவிட்டு, "வேணுமாம்மா இது, மறுபடியும்?" என்றேன்.

"அத மைக்குல சொல்லுங்க சார்" என்று சிரித்தார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். நான் மைக்கைப் போட்டு, "யாரு வேணும்னாலும் கேக்கலாம்!" என்று கத்தினேன். மாடு மிரண்டு வண்டியை இழுத்துக்கொண்டு ஓடியது. என் கௌரவமான விடைபெறல் அப்படி முடிந்தது.

ஏல நாள். குத்தகைக்காரர்களுக்குள் அந்த வருஷம் ஒரு மனஸ்தாபம் இருந்தது. ஜெயங்கொண்டத்து வியாபாரி ராமலிங்கம், இந்த வருஷம் தன் முறை என்றார். போன வருஷம்தான் பழமே கிடைக்கவில்லையே, அதனால் இதுவும் என் முறைதான் என்றார் துரைக்கண்ணு. இந்த மாதிரித் தகராறுகளை டீக்கடையில் பேசித் தீர்த்துக்கொள்வார்கள்.

ஆனால் அவர்களுக்கு முன்னால் அஞ்சலை அங்கே வந்துவிட்டார். நான் கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாய், ஏலத்துக்கு வர்ற எல்லாருக்கும் டீ போடுங்க. எங்க காசு."

"எல்லாருக்கும்னா?"

"எல்லாருக்கும்தான். தொரைக்கண்ணு ஆண்டைக்கும் சேத்து."

பாய் காசைப் பார்த்தார், பால் குண்டானைப் பார்த்தார். "அல்லா வுட்ட வழி" என்று சொல்லிவிட்டு ஆற்ற ஆரம்பித்தார். குத்தகைக்காரர்கள் வந்தபோது டம்ளர்கள் பெஞ்சில் வரிசையாக ஆவி பறக்க நின்றன. துரைக்கண்ணு பழக்கத்தில் ஒன்றை எடுத்து உதட்டருகே கொண்டுபோனார்.

"யாரு கணக்கு பாய்?"

பாய் மோவாயால் காட்டினார். அஞ்சலையும் அந்தப் பெண்களும் சாலைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்கள். துரைக்கண்ணு டம்ளரைச் சுட்டதுபோல் கீழே வைத்தார். குடித்தால் அஞ்சலைக்கு மரம் என்று சம்மதித்ததாகும். போதாததற்குக் காலனிக்காரி வாங்கிக் கொடுத்த டீ.

"வேற போடு."

"பால் தீந்து போச்சுங்க. இனிமே சாயந்தரக் கறவைதான்."

"கடுங்காப்பி போடு."

"சக்கரையும் அதுலயே போட்டுட்டேனுங்க."

பாய் இதைச் சொன்னபோது சர்க்கரை டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தார் என்பது என் சந்தேகம். உறுதியாகச் சொல்ல முடியாது.

குடிக்க ஒன்றும் இல்லை என்றால் உட்கார ஒரு காரணமும் இல்லை. உட்காராமல் பேச்சு தீராது. நின்றுகொண்டே பேசினார்கள், குரல் ஏறியது, ராமலிங்கம் துண்டை உதறிக்கொண்டு முதலில் உள்ளே வந்தார். தீராத சண்டை அப்படியே கூடத்துக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தது. வடக்கு ரோடு மரங்களை துரைக்கண்ணு கேட்டார். ராமலிங்கம் மேலே கேட்டார். யாரும் கூரையைப் பார்க்கவில்லை. என் உத்தியோகத்தில் முதன்முறையாக நான் நிஜமான ஒரு ஏலத்தைக் கூவினேன். எனக்கே பழக்கமில்லை. "ரெண்டு தரம்" என்று சொல்லிவிட்டு மறுபடி மறுபடி "ஒரு தரம்" என்று திரும்ப வேண்டியிருந்தது. மேலாளரின் விரல் எழுவதும் படுப்பதுமாக இருந்தது. வடக்கு துரைக்கண்ணுவுக்கு, தெற்கு ராமலிங்கத்துக்கு. இருவருக்கும் வியர்த்திருந்தது. மரத்துக்கு அதன் விலை அன்றைக்குத்தான் கிடைத்தது.

மூன்றாவது, சுடுகாட்டுப் பாதை. அஞ்சலை தொகையைச் சொன்னார். "வேற யாராவது?" என்று மேலாளர் கேட்டார்.

"அங்க எவன் சார் போவான்?" என்றார் துரைக்கண்ணு.

அதுதான் விஷயம். அந்தப் பாதையில் கால் வைத்தால் மேலத்தெருக்காரர்கள் குளிக்காமல் வீட்டுக்குள் போக முடியாது. இரண்டு பக்கமும் புறம்போக்கு. எந்தக் கிளையும் எவருடைய காட்டின் மேலும் நிற்கவில்லை. அவர்களை ஒதுக்கி வைத்த அதே வழக்கம், அந்த ஒரு பாதையில் அவர்களுக்கு வேலி போட்டுக் கொடுத்திருந்தது. அஞ்சலை இதையெல்லாம் யோசித்துத்தான் வந்தாரா, மேலாளர் இதையெல்லாம் யோசித்துத்தான் மூன்றாகப் பிரித்தாரா, நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

விரல் எழுந்தது. "மூணு தரம்!" இந்த முறை தொண்டை ஒழுங்காக வேலை செய்தது.

பிறகு என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. அந்த வருஷம் பெண்கள் தங்கள் தெருவிலேயே புளி உடைத்தார்கள், விளார் இல்லாமல். களத்துக்கு ஆள் பற்றாமல், துரைக்கண்ணு கொட்டைக் கூலியை நிறுத்திவிட்டு முழுக் கூலியும் காசாகக் கொடுத்து ஆள் கூப்பிட்டார். அடுத்த வருஷம் அவரும் ராமலிங்கமும் ராசியாகிவிட்டார்கள். வேறு கடையில் டீ குடித்தார்கள். ரோட்டு மரங்கள் நான் ஓய்வு பெறும் வரை காலனிக்குப் போகவில்லை. சுடுகாட்டுப் பாதை மரங்கள் அஞ்சலையை விட்டுப் போகவில்லை. சின்னசாமியின் கை நேராகவில்லை. கையை உடைத்தவர்கள் மேல் வழக்கும் இல்லை. மேலாளருக்கு வேறு ஒன்றியத்துக்கு மாற்றல் வந்தது.

அன்றைக்கு ஏலம் முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது, பாய் கடை பெஞ்சில் டீ டம்ளர்கள் அப்படியே இருந்தன. ஆடை படர்ந்து, ஈ மொய்த்து. அஞ்சலையும் அந்தப் பெண்களும் பெஞ்சுக்கு வந்தார்கள். "காசு குடுத்ததாச்சே" என்று ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். சின்னசாமி இடது கையால் ஒன்றை எடுத்தார்.

"சார், வாங்க. ஏலம்தான் முடிஞ்சிருச்சே. ஒரு டீ குடிங்க" என்றார் அஞ்சலை.

எதிரே துரைக்கண்ணு வண்டி ஏறிக்கொண்டிருந்தார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நான் மேலாளரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டிவிட்டார். வெளியே வந்து நின்றார். ஹாண்டில்பாரிலிருந்து ஆள்காட்டி விரல் ஒரு அங்குலம் உயர்ந்தது.

போய்க் குடித்தேன். நன்றாக ஆறியிருந்தது. சர்க்கரை எல்லாம் அடியில் இருந்தது.